நடந்து காட்டச் சொல்லாத வீடு

முட்டத்துப் பாறை எப்பிடி இருக்கும்னா கேக்கிய? நல்ல ஆளுகிட்டதான் கேட்டிய, போங்க. நான் போயிருக்கேன் தங்கச்சி. காலையில எட்டு மணிக்குப் போயி பதினோரு மணி வரைக்கும் அங்கதான் நின்னேன். ஆனா பாக்கல்ல. யானை மாதிரி ஒரு பாறை உண்டாம், காளை படுத்திருக்க மாதிரி ஒண்ணு உண்டாம். கூட வந்தவிய எல்லாரும் பாத்து அதிசயப்பட்டாவ. நான் பாத்தது ஒரு பிள்ளையோட ரெண்டு காலை. அதைத்தான் மூணு மணி நேரமும் பாத்தேன்.

ஜன்னலோரம் நீங்களே இருங்க, எனக்கு வேண்டாம். நாகர்கோயில் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆவும். இந்த பஸ்ஸுக்காரன் கைகாட்டின இடத்துல எல்லாம் நிப்பாட்டுவான். நீங்க வெளியூரு, நாளைக்கு முட்டம் பாத்துட்டு உங்க ஊருக்குப் போயிருவிய. இனிமே என்னைப் பாக்கப் போறதில்ல. அதனாலதான் சொல்லுதேன். எங்க தெருவுல ஒருத்திகிட்டயும் நான் வாயைத் திறந்ததில்ல. அவளுகளுக்குத் தெரியாதுன்னு இல்ல, எல்லாம் தெரியும். நான் சொல்லிக் கேட்டதில்ல, அவ்வளவுதான்.

என் பேரு பிரமு. வடசேரிதான். எங்க வீட்டுல அவிய, என் வீட்டுக்காரரு, தாலுகா ஆபீஸுல இருந்து ரிட்டயர் ஆனாவ. ஒரே மகன், பூதலிங்கம். வெளியூருக்காரவிய இந்தப் பேரைக் கேட்டா சிரிப்பாவ. பூதப்பாண்டி சாமி பேரு அது. எட்டு வருஷம் பிள்ளை இல்லாம இருந்து, அங்க நேந்து பெத்தேன். லிங்கம்னுதான் கூப்பிடுவோம். கரண்டாபீஸுல இன்ஜினியரு. வாய் அதிராத பிள்ளை. கொழம்புல உப்பு இல்லேன்னாக்கூட சொல்ல மாட்டான், போட்டுக் கலக்கிக்கிட்டுச் சாப்பிடுவான்.

அவனுக்கு மூணு வருஷம் பொண்ணு பாத்தேன். வந்ததுல பாதிக்கு மேல தட்டிக் கழிச்சது நான்தான். ஒருத்திக்கு நிறம் பத்தாது, ஒருத்திக்குப் பல்லு, ஒருத்தியோட அம்மைக்காரி பேச்சு எனக்குப் பிடிக்கல்ல. சந்தையில கத்திரிக்காய் வாங்கினாலே நான் காம்பைப் பாத்து, உருட்டிப் பாத்துத்தான் கூடையில போடுவேன். பிரமு வாங்கின காயில புழு இருக்காதுன்னு எங்க மாமியாரே சொல்லுவாவ. அந்தம்மா வாயால ஒரு நல்ல வார்த்தை வாங்கினது நான் ஒருத்திதான். அப்பிடியே மருமகளையும் பாத்தேன். தப்புதான். ஆனா எல்லாரும் அப்பிடித்தானே பாக்காவ? நீங்க பாக்க மாட்டியளா?

சித்திரையில ஒரு ஜாதகம் தபால்ல வந்துது. பிள்ளை பேரு உலகம்மை. ஒரு பள்ளிக்கூடத்துல வேதியியல் டீச்சர், இருபத்தேழு வயசு. அப்பா சொரிமுத்துன்னு, போஸ்ட் மாஸ்டரா இருந்தவிய. கவரைப் பிரிச்சது எங்க வீட்டுல அவிய. அவியளும் லிங்கமும் இருந்து படிச்சுட்டு என் கையில தந்தாவ. நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, அழகா முத்து முத்தா எழுதியிருந்துது.

எங்க வீட்டுல ஒரு வழக்கம் உண்டு. ஜாதகம் வந்தா சாமி படத்துக்குக் கீழ வச்சிருவோம். மூணு நாளு. அந்த மூணு நாளுல துக்கச் செய்தி வரக்கூடாது, பாத்திரம் கைதவறி உடையக்கூடாது, பல்லி நல்ல திசையில சொல்லணும். அதுவரைக்கும் அந்தத் தாளை எடுக்கவும் மாட்டோம், அசைக்கவும் மாட்டோம். நான் ஜோசியருக்குக் காட்டக் கட்டத்தை மட்டும் வேற தாளுல பாத்து எழுதிக்கிட்டு, குங்குமம் வச்சு முருகன் படத்துக்குக் கீழ வச்சேன். மூணாம் நாளு காலையில பல்லி கணீர்னு சொல்லிச்சு. ஜோசியரு எட்டுப் பொருத்தம்னாரு. எனக்கு வேற என்ன வேணும்? தாளு அங்கேயே இருந்துது. தெனமும் விளக்கேத்தும்போது ஒரு பூவும் வச்சேன்.

எங்க அவிய பேசினாவ, அந்தப் போஸ்ட் மாஸ்டர் பேசினாவ. லிங்கமும் அந்தப் பிள்ளையும் போனுல பேச ஆரம்பிச்சுதுங்க. மாடிப்படியில உக்காந்து பேசுவான். என் மகன் சத்தமாச் சிரிக்கதை நான் அப்பதான் கேட்டேன்.

இதுக்கு நடுவுல ஒரு வளைகாப்பு வீட்டுல கோலம்மை வந்து என் பக்கத்துல பந்தியில இருந்தா. எனக்கு ஒண்ணுவிட்ட நாத்தனாரு. அப்பளத்தை ஒடிச்சுக்கிட்டே சொல்லுதா, "மைனி, நான் சொன்னேன்னு சொல்லிராதிய. அந்தப் பிள்ளை காலை ஒரு மாதிரி வச்சு நடக்கும்னு கேள்வி. நல்லா விசாரிச்சியளா?" பாயசத்தை எலையிலேயே விட்டுட்டு எந்திச்சேன்.

நேரா கேட்டிருக்கலாமேன்னு நினைப்பிய. கேட்டிருக்கலாம். எங்க அவியகிட்ட கேட்டிருக்கலாம், லிங்கத்துக்கிட்ட கேட்டிருக்கலாம். ஆனா ஆம்பளைங்க ரெண்டும் வெள்ளந்தி, என்னை மாதிரி விவரம் கிடையாதுன்னு நான் நினைச்சேன். மறைக்கவிய வாயால ஒத்துக்கிடுவாவளா? பொண்ணு பாக்க வீட்டுக்குப் போனா என்ன தெரியும்? காப்பித் தட்டோட பத்தடி நடப்பா, சீலை எல்லாத்தையும் மூடிரும். அந்தக் காலத்துல எங்கே நடந்து காட்டுன்னு பட்டுனு கேப்பாவ. என்னையும் கேட்டாவ, நானும் நடந்தேன். ஆனா இப்போ கேட்டா நாலு பேரு நம்மளைப் பட்டிக்காடும்பாவ. எனக்கு நாகரிகமும் வேணும், காலும் பாக்கணும்.

அப்பதான் இந்த யோசனை வந்துது. அது வந்தப்போ நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன்னு இப்போ நினைச்சா உடம்பு கூசுது தங்கச்சி.

ராத்திரி சாப்பாடு போடும்போது சொன்னேன். "வீட்டுக்குப் போயி பஜ்ஜி, சொஜ்ஜி, அந்தக் கூத்தெல்லாம் வேண்டாம். ஒரு வேனைப் பிடிப்போம். ரெண்டு குடும்பமும் முட்டத்துக்குப் போயி கடலைப் பாத்துட்டு வருவோம். பிள்ளைங்க மனசு விட்டுப் பேசட்டும்." எங்க அவிய சோத்துல வச்ச கையை எடுக்காம என்னையே பாத்தாவ. "பிரமு, நீயா பேசுத?"ன்னாவ. லிங்கம் சாப்பிட்டு எந்திச்சான். பொறவு அடுக்களைக்கு வந்து என் ஈரக்கையைப் பிடிச்சுக்கிட்டான். "அம்மா, உனக்கு எவ்வளவு பெரிய மனசும்மா. நான் பயந்துக்கிட்டே இருந்தேன்"ன்னான். பஜ்ஜி, சொஜ்ஜி வேண்டாம்னதுக்கா இம்புட்டுன்னு நினைச்சேன். ஆனாலும் கேக்க நல்லாத்தான் இருந்துது.

ஒரு ஞாயித்துக்கிழமை போனோம். நாங்க மூணு பேரு, அவிய மூணு பேரு. அந்தப் பிள்ளை வேன்ல ஏறி எனக்கு முன் சீட்டுல இருந்தா. மல்லிப்பூவை எனக்கும் ஒரு முழம் கிள்ளி வச்சிருந்தா. "அத்தை, தலையைக் குனிங்க"ன்னு அவளே என் தலையில வச்சுவிட்டா. அவ கை என் தலையில இருக்கு, என் கண்ணு குனிஞ்சு அவ செருப்பைப் பாக்குது. ரெண்டும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கான்னு.

முட்டத்துல எறங்கினதும் எல்லாரும் மணலோரமா நிக்காவ. நான் சொன்னேன், "பாறை மேல ஏறிப் பாக்காம எதுக்கு வந்தோம்?" அவ அம்மை ஒரு வார்த்தை என்னமோ சொல்ல வந்தாவ. அதுக்குள்ள லிங்கம் அவ கையைப் பிடிச்சு ஏத்திட்டான். கையைப் பிடிச்சுக்கிட்டு ஏறினா நடை எப்பிடித் தெரியும், நீங்களே சொல்லுங்க. நான் பின்னால போனா அவன் மறைக்கான். பக்கத்துல போனா அலை அடிச்சுச் சீலையெல்லாம் நனையுது. "அத்தை, பைய வாங்க, பாசி வழுக்கும்"னு அவ எனக்குக் கை குடுக்கா. எனக்கானா எரிச்சல். ஒரு தடவை காலு கொஞ்சம் இழுத்த மாதிரி இருந்துது. மறு தடவை நல்லாத்தான் வச்சா. குத்தம் இல்லேன்னா சந்தோசம் வரணுமா இல்லியா? எனக்கு வரல்ல. கோலம்மை சொன்னது பொய்யாப் போயிரக்கூடாதேன்னு ஒரு பக்கம் மனசு கெடந்து அடிச்சுது. இப்பிடியும் ஒரு மனசு இருக்குமான்னு நீங்க நினைக்கலாம். இருக்கு, உங்க பக்கத்துலதான் இருக்கு.

பதினோரு மணிக்கு வேன்ல ஏறினதும் டிரைவர்கிட்ட நான் படிக்கோட்டைக்கு விடச் சொன்னேன். இதை யாருகிட்டயும் முன்கூட்டிச் சொல்லல்ல. படிக்கோட்டை மலைச்சரிவுல உள்ள பழைய ஊரு. அங்க தெருவுன்னா படிதான். ஒரு வீட்டு வாசல்ல நின்னா கீழ் வீட்டு ஓடு தெரியும். அடிவாரத்துல ஒரு மண்டபம், உச்சியில ஒரு அம்மன் கோயில், நடுவுல ஏழு தெரு. வண்டி ஏறாது. சைக்கிள்கூட ஏறாது. எனக்கு வேண்டியது அதுதானே.

மண்டபத்துல இருந்து புளியோதரை சாப்பிட்டோம். கையைக் கழுவிட்டு நான் மேல போவோம்னேன். அவ அம்மை, "மதினி, வெயிலு அடிக்கி. இங்கேயே இருந்து காத்து வாங்குவோமே"ன்னாவ. அவ அப்பா எங்க அவியளைப் பாத்தாவ. எங்க அவிய என்னைப் பாத்து, "எதுக்கு பிரமு, அந்தப் பிள்ளையைப் போட்டு"ன்னு இழுத்தாவ. ஆஹா, எல்லாரும் சேந்து தடுக்காவ, அப்போ ஏதோ இருக்குன்னு எனக்கு உறுதியாச்சு. சாமி மேல நான் பொய் சொன்னது அப்பதான்.

"நேந்திருக்கேன்"னேன். "பிள்ளைங்க ரெண்டும் என் கூட உச்சி வரைக்கும் ஏறி வாறதா அம்மனுக்கு நேந்திருக்கேன்."

நேந்தாச்சுன்னு சொன்னா நம்ம பக்கம் யாரு மறுத்துப் பேசுவா? அவ அம்மை வாயை மூடிட்டாவ. ஆனா அந்தப் பிள்ளை என்னையே பாத்தா. கண்ணு ரெண்டும் நெறைஞ்சுட்டுது. "எனக்காகவா நேந்திய அத்தை?"ன்னா. எதுக்குக் கண்ணு கலங்குதுன்னு எனக்கு வெளங்கல்ல. "ஆமா மக்களே, உனக்காகத்தான்"னேன். "அம்மா, நான் ஏறுதேன். ஒண்ணும் செய்யாது"ன்னு சொல்லிட்டு முதல் ஆளா படியில காலை வச்சா.

எல்லாருமா ஏறினோம். ரெண்டாம் தெரு வரைக்கும் பேசிக்கிட்டே வந்தா. நாலாம் தெருவுல பேச்சு நின்னுது. அஞ்சாம் தெருவுல முகமெல்லாம் வேர்வை. லிங்கம் கை நீட்டினான். "நேந்தது, நானே ஏறணும்"னு சொல்லிட்டா. என்னைத் திரும்பிப் பாத்து ஒரு சிரிப்பு வேற சிரிச்சா. உச்சிக்குப் போனா கோயில் பூட்டிக் கெடக்கு. மத்தியானம் ஒண்ணரை மணிக்கு எந்தக் கோயில் திறந்திருக்கும்? நேந்தவளுக்கு அது தெரிஞ்சிருக்கும், பொய் சொன்னவளுக்குத் தெரியல்ல. அவ பூட்டின கதவுக்கு வெளிய நின்னு கண்ணை மூடிக் கும்பிட்டா. ரொம்ப நேரம் கும்பிட்டா. நான் நிழல் பாத்து நின்னேன்.

எறக்கத்துலதான் எனக்கு வேண்டியது கிடைச்சுது. லிங்கத்தை, "நீ அப்பாவைப் பிடிச்சுக்கோ, அவியளுக்குத் தலை சுத்தும்"னு பின்னால அனுப்பிட்டேன். அவளை, "நீ முன்னால போ மக்களே"ன்னேன். போனா. இப்போ சுத்தமாத் தெரிஞ்சுது. வலது காலை ஒரு படி கீழ வைக்கா, இடது காலையும் அதே படியில கொண்டு வந்து சேக்கா, நிக்கா. பொறவு அடுத்த படி. ஒரு கை சுவருல. உடம்பு ஒரு பக்கமா சாயுது. பிடிச்சாச்சுன்னு என் மனசு சொல்லிச்சு. சந்தோசம் மாதிரி ஒண்ணு வந்துதுன்னு சொன்னா நம்புவியளா? வந்துது தங்கச்சி. கத்திரிக்காயில ஓட்டையைக் கண்டுபிடிச்ச சந்தோசம்.

அதோட நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்கு வந்து பேசியிருக்கலாம். ஆனா என் வாயி நிக்கல்ல. நடுத்தெருவுல நின்னு கேட்டேன். "காலு என்ன இப்பிடி வருது? பிறவியிலயா, பொறவு வந்ததா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுக் கெட்டிக் குடுக்கலாம்னு பாத்தியளோ?" படியில வத்தல் காயப்போட்டுக்கிட்டிருந்த ஒரு பொம்பளை கையில வத்தலோட அப்பிடியே நின்னுட்டா. எதிர்வீட்டுக் கதவு திறந்துது.

அந்தப் போஸ்ட் மாஸ்டருக்கு ஒண்ணும் புரியல்ல. கோவமே வரல்ல அந்த மனுசனுக்கு. "அம்மா, ஜாதகத்துக்குப் பின்பக்கம் நான் என் கைப்பட எழுதியிருந்தேனே. சாரும் போனுல, படிச்சாச்சு, எங்களுக்குச் சம்மதம்தான்னு சொன்னாவளே"ன்னாவ. எங்க அவிய என் பக்கத்துல வந்து, மெதுவாத்தான் கேட்டாவ. "பிரமு, நீ பின்பக்கம் பாக்கல்லியா?"

நான் பாக்கல்ல. சாமி படத்துக்குக் கீழ வச்ச தாளை நான் திருப்பல்ல. மூணு நாளைக்குப் பொறவும் திருப்பல்ல. அது மேல பூ வச்சேன்.

அந்தப் பிள்ளை அந்தப் படியிலேயே உக்காந்துட்டா. லிங்கத்தைப் பாத்து, "அப்போ அத்தைக்குத் தெரியாதா?"ன்னு கேட்டா. அவனுக்கே அப்பதானே தெரியும். பொறவு என் பக்கம் திரும்பினா.

"தெரியாதுன்னா, நேந்தது எதுக்கு அத்தை?"

அவ என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தா. டீச்சர் இல்லியா, பதில் வரும்னு பாப்பாள்ல, அப்பிடிப் பாத்தா. கொஞ்ச நேரத்துல அவளே வெளங்கிக்கிட்டா. வெளங்கினது முகத்துல தெரிஞ்சுது. காலையில பாறையில ஏறச் சொன்னது, வேனைத் திருப்பினது, லிங்கத்தைப் பின்னால அனுப்பினது, எல்லாம் ஒண்ணொண்ணா வெளங்குது அவளுக்கு. நான் முன்னால நின்னு அதைப் பாக்கேன்.

"இதுக்கு முன்னால மூணு வீட்டுல நடந்து காட்டச் சொன்னாவ அத்தை. நடந்தேன். கூடத்துல இந்தச் சுவருல இருந்து அந்தச் சுவர் வரைக்கும், திரும்பி ஒரு தடவை. உங்க வீட்டுலதான் கேக்கல்ல. இந்த ஒரு வீட்டுல நடந்து காட்டச் சொல்லல்லன்னு அம்மாகிட்ட சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டேன்."

அழல்ல. குரலை ஒசத்தல்ல. சொல்லிட்டு எந்திச்சா. இன்னும் நாலு தெரு எறங்கணும். லிங்கம் என்ன செஞ்சான்னா, அவளுக்கு ஒரு படி முன்னால, முதுகைக் காட்டிக்கிட்டு எறங்கினான், தோளைப் பிடிச்சா பிடிக்கட்டும்னு. அவ பிடிக்கல்ல. சுவரைப் பிடிச்சே எறங்கினா. அவ அம்மை முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு பின்னால போனாவ. நான் கடைசியில வந்தேன். வத்தல் பொம்பளை என்னை ஒரு பார்வை பாத்தா, அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து கையைக்கூட கழுவாம அந்தத் தாளை எடுத்துத் திருப்பினேன். "மகளுக்குப் பத்தொன்பது வயதில் விபத்தில் வலது தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்திருக்கிறது. சமதரையில் நடக்கச் சிரமம் இல்லை. படி ஏறி இறங்கினால் வலி உண்டு. இதை அறிந்து, வீட்டில் உள்ள அனைவருக்கும் சம்மதமானால் மட்டும் மேற்கொண்டு பேசலாம்." அனைவருக்கும்ங்கதுக்குக் கீழ ஒரு கோடு போட்டிருந்தாவ. குங்குமம் பின்பக்கம் வரைக்கும் ஊறி இறங்கியிருந்துது.

எனக்கு ஒரு நியாயமும் இல்லியான்னு கேட்டா, உண்டு. பின்பக்கம் எழுதினா யாரு பாப்பா? முன்பக்கம் எழுதினா என்ன? எங்க அவிய ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா, படிச்சியான்னு? கோலம்மை நாக்குல சனி. இதெல்லாம் நான் வீட்டுல எல்லாருகிட்டயும் சொல்லியாச்சு, கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கிட்டும் இருந்தேன். ஆனா ஒண்ணு தெரியுமா? அன்னைக்கே பின்பக்கம் படிச்சிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்? கவர்ல போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். மறு நாளு வேற ஜாதகம் கேட்டிருப்பேன். அதுவும் எனக்குத் தெரியும்.

ரெண்டு நாள்ல போஸ்ட் மாஸ்டர் போன் பண்ணினாவ. மகளுக்கு இஷ்டம் இல்லேன்னுட்டாவ. வேற ஒரு சொல்லு கிடையாது. எங்க அவிய போனை வச்சுட்டு வெளிய போனவிய, பொழுது சாஞ்சுதான் வந்தாவ. லிங்கம் தேனிக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டான். ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்ணுவான். சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா, அவ்வளவுதான். பெட்டி கெட்டும்போது மட்டும் ஒண்ணு சொன்னான். "அம்மாவுக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சுதான் சரின்னு சொன்னாவன்னு நான் அவகிட்ட சொல்லி வச்சிருந்தேன்மா. உன்னை நினைச்சு எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துது." கோவமாச் சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன்.

இப்போ நான் எங்க இருந்து வாறேன்னு நீங்க கேக்கவே இல்லியே. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துல இருந்துதான் வாறேன்.

ஏழு மாசம் ஆச்சு. மன்னிப்புக் கேக்கணும்னு தோணிக்கிட்டே இருந்துது. எங்க அவியகிட்டயும் சொல்லல்ல. என்ன சொல்லணும்னு பஸ்ஸுல போகும்போதே மனசுல நாலு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டேன். ஆபீஸுக்கு வெளிய ஒரு பெஞ்சுல இருக்கச் சொன்னாவ. தலையைக் குனிஞ்சு முகத்தைத் துடைச்சுக்கிட்டிருந்தேன், நிமிந்தா முன்னால நிக்கா. "வாங்கம்மா"ன்னா. அத்தைன்னு சொல்லல்ல. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேக்க வாறவளைச் சொல்லுவாவள்ல, அந்த அம்மா. தண்ணி குடிக்கியளான்னு கேட்டா. யாரையோ கூப்பிட்டுத் தண்ணி கொண்டு வரச் சொன்னா.

சொல்லிப் பாத்த நாலு வார்த்தையும் எங்கேயோ போயிட்டுது. வாயில வந்தது என்னன்னா, "காலு இப்போ எப்பிடி இருக்கு மக்களே?" கேட்டது மட்டும் இல்ல, கண்ணும் கீழ போயிட்டுது. நான் போகச் சொல்லல்ல, அதுவா போச்சு. அவ பாத்துட்டா.

"பரவால்லம்மா"ன்னா.

மணி அடிச்சுது. வராந்தாவுல நின்ன பிள்ளைங்க எல்லாம் வகுப்புக்குள்ள ஓடிச்சுது. அவ நின்ன இடத்துலேயே நிக்கா. "உனக்கு வகுப்பு இல்லியா?"ன்னேன். "இருக்கு"ன்னா. "அப்போ நீ போ மக்களே, நான் கொஞ்சம் இருந்துட்டுப் போறேன்"னேன். "இல்லம்மா, நீங்க போங்க. நான் பொறவு போறேன்." ஒரு வகுப்புல பிள்ளைங்க சத்தம் போட ஆரம்பிச்சுட்டுது, அவ வகுப்பாத்தான் இருக்கணும். அந்தப் பக்கம் ஒரு தடவை பாத்தா. ஆனா ஒரு அடி எடுத்து வைக்கல்ல. புஸ்தகத்தை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு அப்பிடியே நிக்கா. எனக்கு அப்பதான் வெளங்கிச்சு, நான் இருக்கது வரைக்கும் இவ நடக்க மாட்டா.

எந்திச்சேன். மன்னிப்புக் கேக்கப் போனவ, கேக்காமலே நடந்தேன். திரும்பிப் பாக்கக்கூடாதுன்னு வாசலையே பாத்துக்கிட்டு நடந்தேன். நல்ல நீளமான முற்றம் தங்கச்சி அது. நான் கேட்டைத் தாண்டி ரோட்டுல ஏறுத வரைக்கும் பின்னால ஒரு செருப்புச் சத்தம் கேக்கல்ல.